உதட்டுப் பேச்சு

நெட்டைக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் உட்கார வேண்டியிருந்ததே அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அது சரிப்படவில்லை என்று இந்தப் பக்கம் மாறினாள், பையை மடியில் வைத்தாள், காலடியில் தள்ளினாள், மறுபடி மடிக்கே எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இருக்கை தேடிப் போய்விட்டார். போகட்டும். சனிக்கிழமை காலை இறங்கி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நடுவில் கிடைக்கிற ஒன்றரை நாளில் ஒன்பது வருஷத்துப் பேச்சைப் பேசித் தீர்க்க வேண்டும். அந்தக் கவலை அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

வீட்டுக்காரருக்கு வேலை மாற்றலானபோது அவள் இந்த ஊரை விட்டுப் போனாள். அதற்கு முன் பதினேழு வருஷம் இங்கேதான் தறிக்கூடத்தில் வேலை. அவள் நான்கு தறி பார்த்தாள். எதிர்வரிசையில் நான்கு தறி பார்த்தவள் கடுகு. ஒருத்தி மேஸ்திரியையே குனிந்து பார்க்கிற உயரம். இன்னொருத்தி தறிக்குப் பின்னால் நின்றால் ஆளே தெரியாது. அப்படி வந்த பெயர்கள்தான். சொந்தப் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தன.

அந்தக் கூடத்தில் நூற்றிருபது தறி. அத்தனையும் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. தொண்டை புண்ணாவதுதான் மிச்சம். ஆகவே அங்கே வேலைக்கு வரும் எந்தப் பெண்ணும் மூன்றே மாதத்தில் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசப் பழகிவிடுவாள். ஒவ்வொரு எழுத்தையும் வாயை விரித்து, இழுத்து, குவித்துக் காட்ட வேண்டும். எதிரே நிற்பவள் அதைப் படித்துவிட்டுத் தன் வாயால் பதில் சொல்வாள். மாமியார் சண்டை, பிரசவக் கதை, மேஸ்திரியின் பொய்முடி, எல்லாம் இப்படித்தான். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தாலும் பழக்கம் போகாது. பஸ்ஸில் ஆளுக்கொரு மூலையில் நின்றபடி சத்தமே இல்லாமல் ஊர் வம்பையெல்லாம் அளப்பார்கள். நடுவில் நிற்பவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

இன்றும் பஸ் நிற்பதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. தூறலில் குடையோடு நின்ற கடுகு, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நெட்டையின் முகத்தைக் கண்டதும் வாயை விரித்தாள்.

"ஏண்டி இப்பிடி ஊதிப் போயிட்ட?"

"நீ மட்டும் என்னவாம்? காஞ்ச குச்சியாட்டம் நிக்கிற!"

"வயசாகுதுல்ல. இறங்கு, இறங்கு. டிரைவர் உன்னையும் சேத்துக் கொண்டுபோயிடப் போறார்."

கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் வாயைப் பிளந்து மூடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் கண்டக்டர் ஒருமாதிரியாகப் பார்த்தார். நெட்டைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் இவ்வளவு சுகமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. புது ஊரில் ஆட்கள் எல்லாம் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். வீட்டுக்காரரும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

கடுகின் வீடு மூன்றாவது மாடி. கீழ்த்தளத்தில் ஒரு தையற்கடை. கதவைத் திறந்தவள் கடுகின் தங்கை, இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை.

இந்தத் தங்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மா போனபோது இவளுக்கு நான்கு வயது, கடுகுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அம்மாவும் அப்பாவும் எல்லாம் கடுகுதான். யாராவது வந்து கல்யாணப் பேச்செடுத்தால், "எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கே" என்று சிரித்தே அனுப்பிவிடுவாள். ஷிப்ட் ஷிப்டாக நின்று படிக்கவைத்தாள். தங்கை ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு ஒரு நாள், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கப்பலில் மெக்கானிக்காக இருந்தவனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து நின்றாள். ஆறு மாதம் பேச்சுவார்த்தை கிடையாது. அப்புறம் அவன் கப்பலேறிப் போய்விட, தங்கை வயிற்றில் குழந்தையோடு அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். அது ஆகிவிட்டது ஒரு வருஷம்.

நாளை மறுநாள், திங்கட்கிழமை, தங்கை மறுபடி வேலைக்குப் போகிறாள். குழந்தை காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கடுகின் பொறுப்பு. இதற்காகவே போன மாதம் மில்லிலிருந்து விலகிவிட்டாள். வேறு ஊரில் இருக்கிற தங்கையின் மாமியார் தினம் இரண்டு தடவை போன் பண்ணி, குழந்தையை இங்கே அனுப்பு, நான் வளர்க்கிறேன் என்று நச்சரிக்கிறாளாம். தங்கைதான் அசைந்து கொடுக்கவில்லை.

"அந்தம்மா வாயில விழுந்தா குழந்தை நம்ம கைக்குத் திரும்பி வராதுடி" என்றாள் கடுகு, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டே. "நான் இருக்கறப்ப எதுக்கு அனுப்பணும்?"

குழந்தையின் கன்னத்தில் மூக்கை வைத்து அழுத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நெட்டை பார்த்ததே இல்லை.

ஆனால் தேநீர் போடும்போது தங்கை வேறு மாதிரிப் பேசினாள். நெட்டையை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், நேருக்கு நேர் நின்று, கண் கலங்கச் சொன்னாள்.

"நெட்டையக்கா, நீங்களாச்சும் அக்காகிட்டக் கேளுங்க. எம்மேல இன்னும் கோவம் போகல. மூஞ்சியப் பாத்துக் கேட்டா நல்லாத்தான் பதில் சொல்லுது. பின்னாலருந்து கூப்பிட்டா, காதுல விழாத மாதிரி போயிட்டே இருக்கு. நான் ஒருத்தி இந்த வீட்டுல இருக்கிறதே பிடிக்கல போல. பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"சேச்சே. அவளுக்கு நீதான்டி உசுரு."

"அப்போ ஏன் திரும்பிப் பாக்க மாட்டேங்குது?"

கடுகு வைராக்கியக்காரிதான். ஒரு தடவை மேஸ்திரியோடு முறைத்துக்கொண்டு ஏழு மாதம் அவர் பக்கம் திரும்பாமலே நெய்தவள்.

மதியம் தங்கை வெள்ளைக் கோட் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். "இப்பத்தான் தூங்குனா. ஒரு மணி நேரத்துல வந்துடுவேன். முழிச்சா பால் குடுங்க" என்று இருவரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை முன்னறைக் கட்டிலில் தூங்கியது. ஈரக் காற்று உள்ளே வராதபடி கடுகு அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கூடைப் பட்டாணியை நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நெட்டையும் எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

கை பாட்டுக்குத் தோலை உரிக்க, வாய் பாட்டுக்கு ஓடியது. குரல் எதற்கு? எதிரெதிரே உட்கார்ந்தால் தறிக்கூடம்தானே.

"மேஸ்திரி பொய்முடி தறியில மாட்டிச்சே, ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? இங்கயும் அங்கயும் ஓடுற நாடாவோட சேந்து நாலு தடவ போய்ட்டு வந்துச்சே!"

"அந்தத் துணிய என்ன பண்ணாங்க?"

"வித்துட்டாங்கடி! எந்த மவராசன் அந்த மயிர் வெச்ச சட்டையப் போட்டுட்டுத் திரியிறானோ!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் அதிகமில்லை. சிரித்து முடித்ததும் நெட்டை மெல்லத் தங்கை பேச்சை எடுத்தாள்.

"அவமேல இன்னும் கோவமாடி?"

"யார் மேல?"

"தங்கச்சி மேல."

கடுகு உரித்த பட்டாணியைக் கையால் அளைந்தாள். "கோவமெல்லாம் எப்பவோ போச்சு. ஏன் கேக்குற?" என்றாள். நெட்டை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், கதவு திறந்தது.

நெட்டைதான் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தங்கை வாசலில் நின்றாள். தோளில் குழந்தை. குழந்தையின் முகம் கன்றிச் சிவந்து, வாய் முழுதாகப் பிளந்திருந்தது. அந்த வாயைப் பார்த்த பிறகுதான் நெட்டைக்கு எங்கோ அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல அழுகை லேசாகக் கேட்டது.

"ரெண்டு பேரும் உசுரோட இருக்கீங்களா இல்லையா?" தங்கை குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "கீழ தையக்காரர் என்னைப் படியிலயே மறிச்சுக் கேக்குறார். அரை மணி நேரமா குழந்தை கத்துதாம். மேல வந்து கதவ இடி இடின்னு இடிச்சாராம். ஒருத்தரும் திறக்கலையாம்!"

கடுகு நெட்டையைப் பார்த்தாள். நெட்டை கடுகைப் பார்த்தாள். கடுகின் முகத்தில் ஈயாடவில்லை.

நெட்டை முந்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கம்மா. பழைய கதை பேசிட்டு இருந்தோமா, அந்த சுவாரஸ்யத்துல..."

"என்ன சுவாரஸ்யம்? நான் ஏறி வரும்போது ஒரு பேச்சுச் சத்தம்கூட இல்லையே!" தங்கை அக்கா பக்கம் திரும்பினாள். "எம்மேல கோவம்னா எங்கிட்டக் காட்டுக்கா. குழந்தகிட்டக் காட்டாத."

சொல்லிவிட்டு விருட்டென்று போய்விட்டாள். கடுகு அதற்குள் தலையைக் குனிந்துகொண்டுவிட்டதால் கடைசி வார்த்தைகளை அவள் பார்க்கவில்லை. "என்ன சொன்னா?" என்று உதட்டால் கேட்டாள். நெட்டைக்கு அப்போது பொறிதட்டியது. இரண்டடி தூரத்தில் ஒருத்தி கத்திவிட்டுப் போகிறாள், இவள் என்ன சொன்னாள் என்று கேட்கிறாள்.

சாயங்காலம் வரை தங்கை குழந்தையைக் கீழே இறக்கவே இல்லை. நெட்டைக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், பட்டாணியை வேகவைத்தாள், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். கடைசியில் கடுகின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா, மில் வரைக்கும் போய்ட்டு வரலாம்."

அது பழகிய வழி. சைக்கிள் பழுதுபார்க்கிற கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்திருந்தது. ரொட்டிக்கடை மட்டும் அப்படியே இருந்தது. முன்பெல்லாம் ரொட்டிக்கடை திரும்பும்போதே தறிச் சத்தம் வந்து முகத்தில் அறையும். இப்போது தெரு அமைதியாக இருந்தது. சனிக்கிழமையாதலால் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நெட்டை நினைத்துக்கொண்டாள்.

வாசலில் அதே காவல்காரர். பெயர் மீசை. அந்தக் காலத்தில் மேலுதட்டையே மறைக்கிற அளவுக்கு வைத்திருந்ததால் அவர் பேசுவது மட்டும் கூடத்துப் பெண்கள் ஒருவருக்கும் புரியாது. இப்போது மழுமழுவென்று எடுத்துவிட்டார். பெயர் மட்டும் போகவில்லை.

"அடடே, நெட்டை! எப்ப வந்தீங்க?"

"காலைலதாண்ணே. என்ன, இன்னைக்கு மில் லீவா?"

"லீவா?" அவர் இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துக் காட்டினார். "என்னம்மா, பழைய ஆளே கிண்டல் பண்றீங்க? ரெண்டாவது ஷிப்ட் ஓடிட்டு இருக்கு. அதே நூத்திருபது தறி. எனக்கு மண்டை பொளக்குது."

நெட்டை சிரித்து மழுப்பினாள். பிறகு ஒன்றும் தெரியாதவள்போல இரண்டடி தள்ளிப் போய், மில் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். செங்கல் அதிர்ந்துகொண்டிருந்தது. முழங்கை வரை அதிர்வு ஏறியது. அதிர்வு இருந்தது, சத்தம் இல்லை. வெகு தூரத்தில் யாரோ பாய் தட்டுவதுபோல ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முணுமுணுக்கிற வீட்டுக்காரர், அடிக்கவே அடிக்காத போன், வெறிச்சோடிக் கிடக்கிற வீடு. சாலையைக் கடக்கும்போது திடீரென்று பக்கத்தில் முளைக்கிற கார்கள். ஊர் சரியில்லை, வீடு சரியில்லை, மனுஷர் சரியில்லை என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்த்திருந்தாள்.

மில் எதிரே தேநீர்க் கடையில் ஒரு பெஞ்சு. இருவரும் குறுக்காகத் திரும்பி, முகம் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"உனக்கு எத்தனை நாளாடி?" என்றாள் நெட்டை.

கடுகு கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "ரெண்டு வருஷமா சுத்தமா இல்ல. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும். கூடத்துல எப்பிடித் தெரியும்? அங்கதான் காதே வேணாமே."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"அவ ஆஸ்பத்திரிக்குப் போனா அவளுக்குத் தெரிஞ்சிடும்னு வேற எடத்துக்குப் போனேன். உள்ள நரம்பு போயிடுச்சாம். காதுல மெஷின் வெச்சுக் காட்டுனாங்க. தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு, ஒரு பேச்சும் புரியல. குடுத்துட்டு வந்துட்டேன்."

"காது கேக்காத நீ எப்பிடிடி அந்தக் குழந்தையப் பாத்துக்குவ?"

"அதுக்கு வழி வெச்சிருக்கேன். காலைல காட்டுறேன். கயிறு கட்டிக்குவேன். அவ காலுல ஒரு முனை, என் மணிக்கட்டுல ஒரு முனை. உதைச்சா உடனே தெரியும். ஒரு மாசமா பழகிட்டு இருக்கேன். இன்னைக்கு நீ இருக்கியேன்னு நம்பித்தான் கட்டாம விட்டேன்."

நெட்டைக்குச் சுருக்கென்றது. "நானும் உன்னை நம்பித்தான்டி உக்காந்திருந்தேன்."

கடுகு அவளை உற்றுப் பார்த்தாள். "நான் நெனச்சேன். காலைல வரைக்கும் எனக்குத் தெரியாது. மத்தியானம் அவ குழந்தையோட வந்து நின்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். உனக்கும் போச்சா?"

"முழுசாப் போகல. போய்ட்டு இருக்கு."

"நல்ல ஜோடிதான். ரெண்டு செவிடு சேந்தா ஒரு காதாச்சும் வருமா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது கடுகின் உதடு கோணியது. நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவகிட்டச் சொல்லிடாதடி. சொன்னா திங்கட்கிழமையே குழந்தையத் தூக்கி மாமியார் கையில குடுத்துடுவா. அவளும் பின்னாலயே போயிடுவா. அப்புறம் எனக்கு யாரு இருக்கா? வேலையும் விட்டுட்டேன். நாலு செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்."

"அதுக்காக..."

"சொல்ல மாட்டேன்னு சொல்லு."

நெட்டை தறிக்கூடத்துச் சுவரைப் பார்த்தாள், மறுபடி கடுகின் உதட்டைப் பார்த்தாள். "உன் காதப் பத்தி நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றாள் கடைசியில்.

அந்த இரவு அவள் எத்தனை தடவை புரண்டு படுத்தாள் என்பதைக் கட்டில்தான் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை ரொட்டியும் முட்டையும் வாங்கக் கீழே போனபோது கடுகு கயிற்றைக் காட்டினாள். தறிக்கூடத்து நூலை எட்டு மடிப்பாக முறுக்கிச் செய்தது. குழந்தையின் கணுக்காலில் மெத்தென்ற துணிப்பட்டை, அதிலிருந்து கயிறு கதவிடுக்கு வழியாக அடுப்படி வரை. கடுகு அடுப்புப் பக்கம் திரும்பி உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தாள். குழந்தை விழித்து ஒரு உதை விட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி உதை, மறுபடி ஓட்டம். மூன்று தடவையும் அழுகை கிளம்புவதற்கு முன்பே வந்து நின்றாள்.

"பாத்தியா? காதுள்ளவகூட இவ்வளவு சீக்கிரம் வர மாட்டா" என்றாள். நெட்டையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. பரவாயில்லை, வாயை மூடிக்கொண்டு மூன்று மணிக்கு ஊர் போய்ச் சேரலாம் என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

கடுகு மறுபடி கிழங்குக்குப் போனாள். நெட்டை கதவில் சாய்ந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் குடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மல்லாந்து கிடந்த குழந்தையின் வாயோரம் பால் எட்டிப் பார்த்தது. பிறகு மூக்கிலும் வந்தது. கண் அகல விரிந்தது. கால் அசையவில்லை, விறைத்துக்கொண்டு நின்றது. கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. அடுப்படியில் கடுகு தனக்குத்தானே ஏதோ பாடியபடி சீவிக்கொண்டிருந்தாள்.

நெட்டை பாய்ந்துபோய்க் குழந்தையை ஒருக்களித்துத் தூக்கி முதுகில் தட்டினாள். இரண்டு தட்டு, மூன்று தட்டு. குழந்தை இருமி, பாலைக் கக்கி, வாயைத் திறந்து அழுதது. ஒன்றும் ஆகிவிடவில்லை.

கடுகு திரும்பிப் பார்த்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நனைந்த துணியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்.

"எப்பவும் இப்பிடி ஆகாதுடி" என்றாள். அவள் உதடு சரியாகவே விரியவில்லை. அதைப் படிக்க நெட்டை சிரமப்பட்டாள்.

பகல் சாப்பாடு முடிந்து, நெட்டை பையைக் கட்டினாள். பட்டாணியும் கிழங்கும் போட்டுச் செய்ததில் ஒரு டப்பா கடுகு கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம். தங்கை அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெட்டை உள்ளே போய் நின்றாள். போனவள் வெளியே வந்தாள். முன்னறையில் கடுகு குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

"என்ன நெட்டையக்கா, ஏதாச்சும் வேணுமா?" தங்கை நிமிர்ந்தாள். நேற்றைய கோபம் தணிந்து முகம் வாடியிருந்தது. "நேத்து உங்களையும் சேத்துத் திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்லம்மா. நீ திட்டுனது சரிதான். ஆனா நாங்க பேச்சு சுவாரஸ்யத்துல இருந்தோம்னு சொன்னேன் பாரு, அது பொய்." நெட்டை ஒரு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். "குழந்தை அழுதது எனக்குக் கேக்கல. எனக்குக் காது போயிட்டு இருக்கு. பதினேழு வருஷம் அந்தக் கூடத்துல நின்னேன்ல. வாயைப் பாத்துப் பாத்துப் பேசுறதால யாருக்கும் தெரியல. எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது."

"ஐயோ, அக்கா..." என்று தங்கை ஈரக்கையோடு அவள் தோளைப் பிடித்தாள். ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். அவள் கண் முன்னறைப் பக்கம் போனது.

"அக்கா எத்தனை வருஷம் நின்னுச்சு?" என்று கேட்டாள்.

நெட்டை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். பேசாமல் முன்னறைக்கு வந்து, கடுகுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். கடுகு தரையில், அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தையின் கழுத்து மடிப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை சத்தமில்லாமல் வந்து கடுகின் முதுகுக்குப் பின்னால் நான்கடியில் நின்றாள்.

"அக்கா" என்றது அவள் வாய். பிறகு இன்னும் பெரிதாக, "அக்கா!"

கடுகு குழந்தையின் காதுமடலைத் துடைத்தாள்.

தங்கை கல்லைப்போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு நான் குழந்தைய எங்க மாமியார் வீட்டுக்கு அனுப்பிடப்போறேன்."

காதில் விழுந்திருந்தால் கடுகு வீட்டையே இரண்டாக்கியிருப்பாள். அவள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே சேர்ந்திருந்த நூல்தூசியை எடுத்து ஊதினாள்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே நிற்கிறவளுக்குப் பின்னால் மேஸ்திரி வந்தால், பார்த்தவள் உடனே வாயசைத்துச் சொல்லிவிட வேண்டும். பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட நெட்டை அதில் தவறியதில்லை. அந்த வார்த்தை இப்போதும் தானாகவே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு வாயசைவு போதும், கடுகு சட்டென்று திரும்பி, "என்னடி சொன்ன?" என்று ஒரு அதட்டல் போட்டுச் சமாளித்துவிடுவாள். நெட்டை உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள். தான் செய்வது எவ்வளவு பெரிய துரோகம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கடுகு தற்செயலாக நிமிர்ந்தாள். நெட்டையின் பார்வை தன் தோளுக்கு மேலே போவதைக் கண்டாள். கை நின்றது. ஆனால் அவள் திரும்பவில்லை.

"பின்னாடி நிக்கிறாளா?" என்று உதட்டால் கேட்டாள்.

நெட்டை தலையாட்டினாள்.

"பேசுறாளா?"

"ம்."

"என்ன சொல்றா?"

தங்கை அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவள் சொல்வதைப் பார்த்துப் பார்த்து நெட்டை வாய்விட்டுச் சொன்னாள். தன் குரல் சத்தமாக வருகிறதா, மெதுவாக வருகிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஒரு வருஷமா உன்னை எத்தனையோ தடவ கூப்பிட்டாளாம். நீ திரும்பவே இல்லையாம். அவமேல கோவம்னு நெனச்சாளாம். தினம் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருவாளாம்."

"கோவமா?" கடுகின் வாய் கோணியது. "இவமேலயா?"

"அப்பிடித்தான் சொல்றா."

"குழந்தைய அனுப்பிடுவாளாமா? அதக் கேளுடி."

நெட்டை கேட்கத் தேவையிருக்கவில்லை. தங்கை வேகவேகமாகத் தலையை ஆட்டி, கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அனுப்ப மாட்டாளாம். அது உன்னைச் சோதிக்கச் சொன்னதாம். நாளைக்கு வேலைக்கும் போகலையாம், லீவ இன்னும் ஒரு மாசம் நீட்டிக் கேக்கப்போறாளாம். ஆனா குழந்தையத் தனியா உங்கிட்ட விட மாட்டாளாம். பகல்ல கூட ஒரு ஆளு வெச்சுக்கணுமாம். நீயும் வேணுமாம், ஆளும் வேணுமாம்."

கடுகு ஈரத்துணியை நான்காக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"இப்ப என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. அழுவுறா."

"ரொம்பச் சத்தமாவா?"

நெட்டை தங்கையைப் பார்த்தாள். அகலத் திறந்த வாய், குலுங்குகிற தோள்கள். தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தாள்.

"தெரியலடி" என்றாள். "நீயே திரும்பிப் பாரு."